ஜிப்பரெல்லின் தெளித்தால் மருந்துச் சத்து கூடுமா?

மார்ச் 3

வாசகர் ஒருவர் கேட்டதை அப்படியே தருகிறேன்: “நிலவேம்புச் செடிகளுக்கு ஜிப்பரெல்லின் தெளித்தேன். தெளிக்காத செடிகளைவிட ஒரு சாண் உயரம் கூடுதல், இலையும் அதிகம். இலை இவ்வளவு பெருகினால் ஆண்ட்ரோகிராஃபோலைடும் அதே வீதத்தில் கூடியிருக்கும் அல்லவா? அப்படியென்றால் எல்லா மருந்துச் செடிகளுக்கும் இதையே தெளிக்கலாமே?”

(ஜிப்பரெல்லின் செடியை வளரச் செய்யும் ஒரு தாவர ஹார்மோன். ஆண்ட்ரோகிராஃபோலைடு நிலவேம்பின் கசப்பான மருந்துப் பொருள்.) இலையைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது. இந்தக் கேள்விக்குள் இரண்டு அளவுகள் கலந்து கிடக்கின்றன. ஒரு கிராம் உலர்ந்த இலையில் எவ்வளவு மருந்துப் பொருள் இருக்கிறது என்பது செறிவு. ஒரு செடியிலிருந்து, அல்லது ஒரு பாத்தியிலிருந்து, மொத்தம் எவ்வளவு கிடைக்கிறது என்பது விளைச்சல். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: 100 கிலோ உலர்ந்த இலையில் 2 சதவீதம் இருந்தால் மொத்தம் 2 கிலோ. தெளித்தபின் இலை 140 கிலோவாகிச் செறிவு 1.6 சதவீதத்துக்கு இறங்கினால் மொத்தம் 2.24 கிலோ. சாறு பிரித்தெடுக்கும் ஆலைக்கு இது ஆதாயம். இலையைப் பொடியாக்கி அளந்து கொடுப்பவருக்கு இது இழப்பு, ஏனென்றால் அவரிடம் வரும் நோயாளிக்கு ஒவ்வொரு வேளையும் ஐந்தில் ஒரு பங்கு மருந்து குறைந்துபோகிறது. அளவுக்கரண்டியில் எந்த மாற்றமும் தெரியாது.

எனவே முதலில் நான் கேட்க விரும்புவது: இந்த இலை யாரிடம், எந்த வடிவத்தில் போகப்போகிறது?

மார்ச் 3, இரவு

இன்னொன்று விட்டுப்போயிற்று. நீங்கள் தெளித்த புட்டியின் மீது என்ன எழுதியிருந்தது? ‘வளர்ச்சி ஊக்கி’ என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் கடற்பாசிச் சாறு, அமினோ அமிலம், நுண்ணூட்டம், தழைச்சத்து எல்லாம் சேர்ந்திருக்கும். தழைச்சத்து இருந்தால் இலை பெருத்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். தூய ஜி.ஏ.3 (கடையில் கிடைக்கும் ஜிப்பரெல்லின் வகை) என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் மேற்கொண்டு பேசுவதில் பொருள் இருக்கிறது.

மார்ச் 5

தூய ஜி.ஏ.3தான் என்று பதில் வந்திருக்கிறது. நல்லது.

செடி ஆண்ட்ரோகிராஃபோலைடை நமக்காகச் செய்வதில்லை. கசப்பு, நஞ்சு, பிசின், நெடி ஆகியவை பெரும்பாலும் செடி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்பவை. வளர்ச்சிக்கும் தற்காப்புக்கும் செடி ஒரே கருவூலத்திலிருந்துதான் செலவு செய்கிறது. எந்தச் செலவுக்கு எப்போது முன்னுரிமை என்று கட்டளையிடுபவை ஹார்மோன்கள். ஆக்சின், ஜிப்பரெல்லின், சைட்டோகைனின், பிராசினோஸ்டிராய்டு ஆகியவை பெரும்பாலும் வளர்ச்சிப் பக்கம் பேசுகின்றன. ஜாஸ்மோனிக் அமிலம், சாலிசிலிக் அமிலம், அப்சிசிக் அமிலம், எத்திலீன் ஆகியவை இடர் வந்தால் பேசுகின்றன. இந்தப் பிரிவினை கறாரானது அல்ல, ஆனால் தொடங்குவதற்கு உதவும்.

ஜிப்பரெல்லின் உலகத்துக்கு அறிமுகமானதே ஒரு நோயின் வழியாகத்தான். 1926-இல் தைவானில் எய்இச்சி குரோசாவா, நெற்பயிரை வெளிறி நெட்டையாக வளரச் செய்து சாய்க்கும் ஒரு பூஞ்சையின் வளர்ப்புச் சாற்றை மட்டும் நாற்றுகளுக்குக் கொடுத்தார். பூஞ்சை இல்லாமலே நாற்றுகள் அதேபோல் நெடுநெடுவென்று வளர்ந்தன. 1935-இல் யபுதா அந்தப் பொருளுக்கு ஜிப்பரெல்லின் என்று பெயரிட்டார். உயரம் என்பது நலத்தின் அடையாளம் அல்ல என்பதை அந்த நாற்றுகள் அன்றே காட்டிவிட்டன.

உள்ளே நடப்பது ஓரளவு தெளிவாகவே தெரியும். டெல்லா என்ற புரதங்கள் வளர்ச்சியைப் பிடித்து நிறுத்துகின்றன. ஜிப்பரெல்லின் வந்தால் டெல்லா சிதைக்கப்பட்டு வளர்ச்சி விடுபடுகிறது. ஜாஸ் என்ற வேறொரு புரதக் குடும்பம், தற்காப்பு மரபணுக்களை இயக்கும் மிக்2 என்ற புரதத்தை அடக்கி வைத்திருக்கிறது. ஜாஸ்மோனேட் வந்தால் ஜாஸ் சிதைந்து மிக்2 விடுபடுகிறது. இந்த இரண்டு வழிகளும் ஓரிடத்தில் சந்திக்கின்றன: டெல்லா, ஜாஸ் புரதத்தையும் கையோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. ஜிப்பரெல்லின் டெல்லாவை அழித்தால் ஜாஸ் விடுதலையாகி மிக்2-ஐ முன்னிலும் இறுக்கமாக அடக்குகிறது. அதாவது, நீங்கள் உயரத்தைத் தெளித்தபோது தற்காப்புக் கட்டளையின் குரலையும் தாழ்த்தியிருக்க வாய்ப்பு உண்டு.

இது அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியில் விளக்கப்பட்டது. நிலவேம்புக்கு அப்படியே பொருந்தும் என்று வாதிட மாட்டேன்.

மார்ச் 6

எதிர்பார்த்த மறுப்பு வந்துவிட்டது. “ஆர்ட்டிமிசியா அன்னுவாவில் ஜிப்பரெல்லின் ஆர்ட்டிமிசினினைக் கூட்டுகிறதே?”

ஆம், கூட்டுகிறது. அந்தச் செடி இந்தப் பேச்சுக்குள் கட்டாயம் வரவேண்டியதுதான். 1972-இல் தூ யூயூவின் குழு பிரித்தெடுத்து, 2015-இல் நோபல் பரிசுக்குக் காரணமான அந்த மலேரியா மருந்து, இலையின் மேல் இருக்கும் சுரப்பி மயிர்களில் உருவாகி அங்கேயே சேமிக்கப்படுகிறது. ஜிப்பரெல்லின் கொடுத்தால் அந்த மயிர்கள் எண்ணிக்கையிலும் அளவிலும் பெருகுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஜாஸ்மோனேட்டும் மயிர்களைப் பெருக்குகிறது. அங்கே வளர்ச்சிப் பக்கமும் தற்காப்புப் பக்கமும் ஒரே கொள்கலனை நிரப்புகின்றன.

ஆகவே நேற்று எழுதியதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹார்மோனின் பெயரைக் கேட்பதற்கு முன், மருந்து செடியின் எந்தச் செல்லில் உருவாகிறது, எங்கே சேமிக்கப்படுகிறது என்று கேட்க வேண்டும். சுரப்பி மயிரில் இருந்தால் மயிரைப் பெருக்கும் எதுவும் மருந்தைப் பெருக்கலாம். வேரில் உருவாகி இலைக்குப் பயணம் செய்யும் பொருள் என்றால் இலையை மட்டும் பெருக்குவது நீர்த்துப்போகச் செய்யும்.

மார்ச் 8

இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். என் வேலை இதுதான் என்பதால் இங்கே எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

திசு வளர்ப்புக் கூடத்தில் நான் நெடுங்காலம் கையாண்ட செடி நித்தியகல்யாணி. வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகள் அதன் இலையிலிருந்து வருகின்றன. இலையில் அவை இருக்கும் அளவு மிகமிகச் சொற்பம். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குப் பல நூறு கிலோ உலர்ந்த இலை வேண்டும். ஆகவே செடியே இல்லாமல் செல்களை மட்டும் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து மருந்து எடுக்க முடியுமா என்பது எங்கள் துறையின் பழைய ஆசை.

2,4-டி என்ற செயற்கை ஆக்சினைச் சேர்த்த ஊடகத்தில் இலைத்துண்டை வைத்தால் காலஸ், அதாவது உறுப்பாகப் பிரியாத செல்திரள், அழகாக வரும். வெளிர் மஞ்சள், மென்மை, வேகம். புதிதாகச் சேரும் மாணவர்கள் அதைப் பார்த்து மகிழ்ந்துபோவார்கள். அதை அரைத்து டிராஜன்டார்ஃப் கரைசலால் சோதித்தால், ஆல்கலாய்டைக் (வின்பிளாஸ்டின் சேர்ந்த மருந்துப் பொருள் வகை) காட்டும் ஆரஞ்சு நிறம் பெயருக்குத்தான் தோன்றும். அதே காலஸை 2,4-டி இல்லாத ஊடகத்துக்கு மாற்றினால் வளர்ச்சி தடைப்பட்டு, கட்டி இறுகி, பச்சை நிறம் தலைகாட்டும். அப்போது ஆரஞ்சும் அடர்த்தியாகும். இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்த யாரும் ‘வளர்ச்சி கூடினால் மருந்தும் கூடும்’ என்று பிறகு எழுத மாட்டார்கள்.

காரணம் மரபணு வரை தெரியும். டிரிப்டோஃபானை டிரிப்டமினாக மாற்றும் நொதிக்கான மரபணு, நித்தியகல்யாணி ஆல்கலாய்டுகளின் நுழைவாயில்களில் ஒன்று. ஆக்சின் அதை அடக்குகிறது. ஜாஸ்மோனேட் அதைத் திறக்கிறது. ஓர்கா3 என்ற கட்டுப்பாட்டுப் புரதத்தின் வழியாக என்று 2000-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். சைட்டோகைனின் ஆல்கலாய்டின் மறுபாதியான டெர்பீன் பக்கத்தைத் தூண்டுகிறது. இவை அனைத்தையும் சரியாக அடுக்கினால் அஜ்மாலிசின், கதராந்தின் போன்ற ஆல்கலாய்டுகள் குடுவையில் நன்றாகக் கூடுகின்றன.

ஆனால் வின்பிளாஸ்டின் கூடுவதில்லை. வின்பிளாஸ்டின் என்பது கதராந்தினும் வின்டோலினும் இணைந்தது. வின்டோலினின் கடைசிப் படிகள் இலையிலுள்ள பால்குழாய்களிலும் சில தனிச்சிறப்பான செல்களிலும்தான் நடக்கின்றன. காலஸில் அந்தச் செல்கள் இல்லை. இல்லாத கருவியை எந்த ஹார்மோனாலும் இயக்க முடியாது. அந்தச் செல்லாக மாறுவதற்கான சூழலைத்தான் ஹார்மோனால் உண்டாக்க முடியும். அதனால் இன்றும் நித்தியகல்யாணி வயல்களில் பயிராகிறது.

இதற்கு நேர்மாறான வெற்றியும் உண்டு. லித்தோஸ்பெர்மம் என்ற செடியின் வேர்ப்பட்டையில் ஷிகோனின் என்ற செந்நிறப் பொருள் இருக்கிறது. புண் ஆற்றும் மருந்தாகவும் சாயமாகவும் பயன்பட்டது. வேர் முற்றச் சில ஆண்டுகள் ஆகும். ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மாமொரு தபாதாவும் உடன் இருந்தவர்களும் 1970-களில் அதன் செல்களை வளர்த்தபோது, 2,4-டி இருந்தால் ஷிகோனின் நின்றுவிடுகிறது, இயற்கை ஆக்சினான ஐ.ஏ.ஏ. இருந்தால் உருவாகிறது என்று கண்டார்கள். வெள்ளொளி தடுக்கிறது, அமோனியம் தடுக்கிறது, செம்பு தூண்டுகிறது என்று ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. பிறகு மிட்சுயி பெட்ரோகெமிக்கல் நிறுவனம் இரண்டு கட்டமாகப் பிரித்தது: முதல் தொட்டியில் செல் பெருக வேண்டும், இரண்டாம் தொட்டியில் பெருக்கம் நின்று பொருள் உருவாக வேண்டும். 1983-இல் சந்தைக்கு வந்த அந்த ஷிகோனின்தான் தாவரச் செல் வளர்ப்பில் பிறந்த முதல் வணிகப் பொருள்.

வளர்வதற்கு ஒரு காலம், உருவாக்குவதற்கு ஒரு காலம் என்ற இந்தப் பிரிப்பைத்தான் நான் இத்தனை நாளும் சொல்ல முயன்றுகொண்டிருக்கிறேன். வயலிலும் இது பொருந்தும். ஒரே தெளிப்பில் இரண்டையும் கேட்பதுதான் தொல்லை.

மார்ச் 9

ஒரு வாசகர் கூர்மையாகக் கவனித்திருக்கிறார்: “ஜிப்பரெல்லினும் ஆண்ட்ரோகிராஃபோலைடும் இரண்டுமே டைடெர்பீன்கள். ஒரே மூலப்பொருளுக்குப் போட்டி போடுவதால்தான் ஒன்று கூடினால் மற்றது குறைகிறதா?”

டைடெர்பீன் என்ற ஒரே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்ற உறவு உண்மைதான், அவர் சொன்னதைவிடவும் நெருக்கமானது. இரண்டும் என்ட்-கோபாலில் டைபாஸ்பேட் என்ற ஒரே சந்திப்பு வரை ஒன்றாக வந்து பிரிகின்றன. அதேபோல் அமுக்கராவின் மருந்துப் பொருள்களான வித்தனோலைடுகளும் பிராசினோஸ்டிராய்டும் ஒரே ஸ்டீராலிலிருந்து கிளைக்கின்றன. நித்தியகல்யாணியின் ஆல்கலாய்டும் ஆக்சினும் டிரிப்டோஃபானைப் பகிர்ந்துகொள்கின்றன. இந்தப் பட்டியலை முதலில் பார்த்தபோது எனக்கே சிலிர்த்தது.

ஆனால் போட்டி என்று சொல்ல அளவுகள் இடம் கொடுக்கவில்லை. ஹார்மோன் ஒரு கிராம் திசுவில் நானோகிராம் கணக்கில் இருக்கும். ஆண்ட்ரோகிராஃபோலைடு ஒரு கிராம் உலர்ந்த இலையில் மில்லிகிராம் கணக்கில் இருக்கும். நடுவே பத்து லட்சம் மடங்கு. ஹார்மோன் தின்று தீர்த்துவிடும் அளவுக்கு மூலப்பொருள் குறைவாக இல்லை. அது மூலப்பொருளைப் பறிக்கவில்லை, எந்த நொதி உருவாக வேண்டும் என்ற கட்டளையை மாற்றுகிறது.

மார்ச் 12

அப்படியானால் ஜாஸ்மோனேட்டைத் தெளித்துவிட்டால் போதுமே என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். ஆசை புரிகிறது. ஜாஸ்மோனேட்டின் புகழ் ஒன்றும் பொய் அல்ல.

யூ மரத்தின் கதையைப் பாருங்கள். வால், வானி என்ற இரு வேதியியலாளர்கள் 1971-இல், அதன் பட்டையிலிருந்து கிடைக்கும் டாக்சால் என்ற மருந்தின் கட்டமைப்பை வெளியிட்டார்கள். 1992-இல் அது சினைப்பைப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஒரு கிலோ டாக்சாலுக்குப் பத்து டன் அளவில் பட்டை உரிக்க வேண்டியிருந்தது. பட்டை உரித்தால் மரம் சாகும், மரமோ மிக மெதுவாக வளர்வது. 1996-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் யூ செல் வளர்ப்பில் 100 மைக்ரோமோலார் மீத்தைல் ஜாஸ்மோனேட் சேர்த்து, இரண்டு வாரத்தில் லிட்டருக்குச் சுமார் 110 மில்லிகிராம் டாக்சால் எடுத்தார்கள். ஒரு ஹார்மோனை நினைத்து நான் நன்றியுணர்வு கொண்டதுண்டு என்றால் அது இதுதான்.

அந்த ஹார்மோனுக்கு வேறொரு முகமும் இருக்கிறது. மீத்தைல் ஜாஸ்மோனேட் முதலில் 1962-இல் மல்லிகை எண்ணெயின் மணப்பொருளாகத் தெரியவந்தது. 1980-இல் அதே பொருளை ஆர்ட்டிமிசியா அப்சிந்தியம் என்ற மூலிகையிலிருந்து உவேதாவும் கதோவும் பிரித்தெடுத்தார்கள், இலையை மூப்படையச் செய்யும் பொருளாக! வளரும் செடியில் அளவு மீறித் தெளித்தால் வளர்ச்சி நின்று, இலை மஞ்சளாகி உதிரும். செறிவு கூடியிருக்கும், கையில் இலை இருக்காது. மார்ச் 3-ஆம் தேதிக் கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள்: செறிவு 2 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக ஏறி, இலை 100 கிலோவிலிருந்து 60 கிலோவாக இறங்கினால் மொத்தம் 1.8 கிலோ.

எனவே தெளிப்பதானால் அறுவடைக்குச் சற்று முன்பு, இலை முழு அளவை எட்டியபின், மிதமான அளவில். தூண்டலின் பலன் சில நாளில் உச்சம் தொட்டுத் தணிந்துவிடும். அந்த உச்சம் எந்த நாளில் வருகிறது என்பதைச் செடிக்குச் செடி சோதித்துத்தான் அறிய முடியும்.

மார்ச் 13

ஒரு மாணவி கேட்கிறார்: “மீத்தைல் ஜாஸ்மோனேட் தெளித்த தொட்டிகளிலும் தெளிக்காத தொட்டிகளிலும் ஃபீனால் அளவு ஒரே மாதிரி ஏறியிருக்கிறது. தெளிப்பு பயனற்றதா?”

தொட்டிகள் ஒரே அறையில் இருந்தனவா? அது ஆவியாகும் பொருள். 1990-இல் ஃபார்மரும் ரயனும் மீத்தைல் ஜாஸ்மோனேட் வெளிவிடும் சேஜ்பிரஷ் என்ற புதர்ச்செடியின் கிளைகளைத் தக்காளிச் செடிகளோடு மூடிய அறையில் வைத்தார்கள். தொடர்பே இல்லாத தக்காளிச் செடிகள், பூச்சியின் செரிமானத்தைத் தடுக்கும் புரதத்தை உற்பத்தி செய்யத் தொடங்கிவிட்டன. உங்கள் ஒப்பீட்டுச் செடிகளும் காற்றில் செய்தி கேட்டிருக்கும். தனி அறையில் வைத்து மறுபடி செய்யுங்கள். உங்கள் தரவு வீணல்ல. செடி எவ்வளவு நுட்பமாகக் கேட்கிறது என்பதற்கு அதுவே சான்று.

மார்ச் 17

மருந்துப் பிசின் தரும் குக்குலுச் செடி பற்றி எழுத வேண்டாம் என்று இருந்தேன். ஒருவர் “எத்தெஃபான் ஊசி போட்டால் பிசின் கொட்டும், ஏன் இதை யாரும் பரப்புவதில்லை” என்று எழுதியதால் எழுதுகிறேன்.

எத்தெஃபான் செடிக்குள் சென்றதும் சிதைந்து எத்திலீனை வெளிவிடும். எத்திலீன் காயத்தின் ஹார்மோன். ரப்பர் மரத்தில் பால் வடிவதை நீட்டிக்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ராஜஸ்தான், குஜராத் வறண்ட நிலங்களில் வளரும் குக்குலுவிலும் எத்தெஃபான் பிசினைப் பல மடங்கு கூட்டும் என்று இந்திய ஆய்வுகள் எப்போதோ காட்டிவிட்டன. பலிக்கிறது என்பதில் ஐயமே இல்லை.

என் அச்சம் வேறு. குக்குலு மிக மெதுவாக வளரும் முட்செடி. மட்டுமீறிக் கீறப்பட்ட செடி பிசினைக் கொடுத்துவிட்டுக் கருகிவிடும். இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அது மிக அருகிவிட்ட இனம். சாகுபடி செய்த, வயது வந்த செடியில், குறைந்த அளவில், ஓய்வு கொடுத்துச் செய்தால் காட்டுச் செடிகளின் மீதுள்ள சுமை குறையும். அதை நான் வரவேற்பேன். காட்டில் நிற்கும் செடிக்கு ஊசியோடு போவது அதன் கடைசித் துளியையும் வடித்தெடுப்பது. ‘பல மடங்கு’ என்ற சொல்லை மட்டும் எடுத்துப் பரப்பாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

மார்ச் 18

நேற்றைய பதிவுக்குப் பின் பேச்சு வேறு பக்கம் போயிருக்கிறது: “ஹார்மோன் வாங்காமலே ஹார்மோனை மாற்ற முடியுமா?” முடியும். நுனி கிள்ளுவது அதுதான்.

வளர்நுனி ஆக்சினின் ஊற்று. நுனியைக் கிள்ளினால் ஆக்சின் ஓட்டம் நின்று பக்கக் கிளைகள் வெடிக்கின்றன. புகையிலையில் பூங்கொத்தைக் கிள்ளும்போதும் ஆக்சின் ஓட்டம் நிற்கிறது. நிகோடின் வேரில் உருவாகி இலைக்கு ஏறுகிறது, கிள்ளியபின் அதன் உற்பத்தி கூடுகிறது. வெட்டிய இடத்தில் ஆக்சின் பூசினால் அந்தக் கூடுதல் குறைகிறது. கைவிரலும் கத்தரிக்கோலும் ஹார்மோன் கருவிகள்தான். நிழல், நீர் குறைப்பு, அறுவடை நேரம் ஆகியவையும் அப்படியே: லேசான நீர்க்குறைவில் அப்சிசிக் அமிலம் ஏறுகிறது.

இளநீரைத் தெளிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்கள். இளநீரில் சைட்டோகைனின் இருப்பது உண்மை. 1941-இல் வான் ஓவர்பீக்கும் உடன் ஆய்வாளர்களும் ஊமத்தையின் இளங்கருவைக் குடுவையில் வளர்க்க அதைத்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் அதில் சர்க்கரை, அமினோ அமிலம், தாதுக்கள் எல்லாம் இருக்கின்றன. வயலில் தெளித்து ஒரு மாற்றம் வந்தால் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. குடுவைக்குள் அதன் இடம் உறுதியானது. வெளியே எனக்கு நம்பிக்கை இல்லை.

மார்ச் 22

வேர் மருந்துகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எனக்கு உறுத்தலாக இருப்பது அதுதான்.

மண்ணுக்கு மேல் வளர்ச்சியை அடக்கினால் சத்து வேருக்கு இறங்கும் என்ற கணக்கில் பாக்லோபியூட்ராசோல் போன்ற வளர்ச்சி ஒடுக்கிகளைக் கிழங்குப் பயிர்களுக்குப் போடுகிறார்கள். இது ஜிப்பரெல்லின் உருவாவதைத் தடுக்கும் பொருள். சீனாவில் ஒஃபியோபோகன் என்ற மருந்துச் செடியின் கிழங்குச் சாகுபடியில் இது பரவலாகப் பயன்பட்டது. கிழங்கு பெருத்தது, எடை ஏறியது. சப்போனின் முதலான மருந்துப் பொருள்கள் இறங்கியதை அங்குள்ள ஆய்வாளர்களே பதிவு செய்தார்கள். வாங்குபவர் பருத்த கிழங்கைத்தான் தேர்ந்தெடுப்பார். கண்ணுக்குத் தரமாகத் தெரிவது மருந்தில் தரம் குறைந்தது!

மேலும் பாக்லோபியூட்ராசோல் மண்ணில் நெடுநாள் தங்கும். அடுத்த பயிரையும் குட்டையாக்கும். உடல்நலம் குன்றியவர் நாள்தோறும் உட்கொள்ளும் ஒரு பொருளில் எஞ்சிய நச்சு எவ்வளவு என்று கேட்பது மிகையான கேள்வி அல்ல. உணவுப் பயிரில் ஏற்கப்படும் எச்ச அளவு மூலிகைக்கும் போதும் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. கொதிக்கவைத்து, சுண்டக் காய்ச்சி, சாறெடுத்துக் குடிக்கும்போது மருந்து செறிவாவதைப் போல எச்சமும் செறிவாகலாம்.

ஜிப்பரெல்லின் இந்த வகையில் சேராது. அது செடியில் இயல்பாகவே இருப்பது, பெரும்பாலும் விரைவில் சிதைவது. எல்லாவற்றையும் ‘ரசாயனம்’ என்ற ஒரே சாக்கில் கட்டுவதும் சரியல்ல.

மார்ச் 24

“மரபணு மாற்றிய ஈஸ்ட்டிலேயே ஆர்ட்டிமிசினினுக்கு முந்தைய படியான ஆர்ட்டிமிசினிக் அமிலம் செய்கிறார்கள், 2022-இல் கதராந்தினும் வின்டோலினும்கூட வந்துவிட்டன, இனி ஹார்மோன் எதற்கு?”

அந்த அறிவியல் என்னை வியக்க வைக்கிறது. ஈஸ்ட் ஒரு மூலக்கூறைச் செய்யும். அமுக்கரா வேரை வேராகவே உட்கொள்ளும் மருத்துவத்தில் ஒரு மூலக்கூறு போதாது. இரண்டுக்கும் வேலை இருக்கிறது.

மார்ச் 29

முதல் கேள்வி கேட்டவர் சோதனைத் திட்டம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். ஐந்து ஹார்மோன், ஒவ்வொன்றிலும் ஆறு அளவு. வெகுவாகக் குறையுங்கள். ஜிப்பரெல்லின், சாலிசிலிக் அமிலம் இரண்டு போதும். ஒவ்வொன்றிலும் மூன்று அளவு, கூடவே செடிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

அளவு எழுதும்போது பி.பி.எம்., மைக்ரோமோலார் இரண்டையும் கலக்காதீர்கள். 100 பி.பி.எம். என்பது லிட்டருக்கு 100 மில்லிகிராம். 100 மைக்ரோமோலார் ஜி.ஏ.3 என்பது லிட்டருக்குச் சுமார் 34.6 மில்லிகிராம்தான். 1 மில்லிமோலார் சாலிசிலிக் அமிலம் லிட்டருக்குச் சுமார் 138 மில்லிகிராம். இரண்டு கட்டுரைகளின் முடிவுகள் முரண்படுவதாகத் தோன்றும்போது முதலில் அலகைப் பாருங்கள். பல முரண்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஜி.ஏ.3 தண்ணீரில் எளிதில் கரையாது. கொஞ்சம் எத்தனாலில் கரைத்துப் பிறகு நீர் சேர்ப்பார்கள். அப்படியானால் ஒப்பீட்டுச் செடிகளுக்கும் அதே அளவு எத்தனால் கலந்த நீரைத் தெளிக்க வேண்டும், வெறும் நீரை அல்ல. இலையில் ஒட்டுவதற்குச் சோப்புக் கரைசல் சேர்த்தால் அதுவும் இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும்.

அறுவடை எல்லாச் செடிகளுக்கும் ஒரே நாளில் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே கவனம் தேவை. ஜிப்பரெல்லின் பூப்பை முன்கூட்டியே கொண்டுவரலாம். ஆண்ட்ரோகிராஃபோலைடின் அளவு பூக்கும் பருவத்தை ஒட்டி மாறுவது. ஒரே நாளில் அறுத்தால் ஒரு பக்கம் பூத்த செடியையும் மறுபக்கம் பூக்காத செடியையும் ஒப்பிடுவீர்கள். ஹார்மோனின் பலன் என்று வயதின் பலனை எழுதிவிட நேரும். பாதியை ஒரே நாளிலும், மீதியை ஒவ்வொரு செடியும் மொட்டு விடும் நாளிலும் அறுங்கள்.

இலையையும் தண்டையும் சேர்த்து அரைக்க வேண்டாம். ஜிப்பரெல்லின் தண்டை நீட்டும், தண்டில் மருந்து இலையைவிடக் குறைவு. இரண்டையும் தனித்தனியே உலர்த்தி, தனித்தனியே எடை போட்டு, மருந்துப் பொருளைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. சோதனைக்கும் தனித்தனியே அனுப்புங்கள். முடிவை எழுதும்போது கிராமுக்கு எவ்வளவு, செடிக்கு எவ்வளவு என்று இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். எண்கள் கைக்கு வந்ததும் அனுப்பி வையுங்கள், நானும் உட்கார்ந்து பார்க்கிறேன்.